அல்பேனியர்கள் தங்களை ‘அல்பேனியர்’ என்று சொல்வதில்லை, ஏன்?

(திரையில்: பழைய ஒட்டோமான் தபால் தலை ஒன்று, மிக அருகில்.)

இந்தத் தபால் தலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அடியில் இருப்பது துருக்கி சுல்தானின் முத்திரை. அதன் மேலேயே இரட்டைத் தலைக் கழுகு ஒன்றை அச்சடித்திருக்கிறார்கள். தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியில் இருக்கும் அல்பேனியா, அந்தச் சுல்தானின் ஒட்டோமான் பேரரசிலிருந்து சுதந்திரம் அறிவித்தது 1912 நவம்பர் 28 அன்று. அடுத்த வருடமே தபால் தலை வேண்டும், புதிதாக அச்சடிக்க வசதி இல்லை, அதனால் பழையதன் மேல் முத்திரை குத்திவிட்டார்கள். சரி, கழுகைச் சுற்றி என்ன எழுதியிருக்கிறது? ‘ஷ்சிப்பெனியா’. ‘அல்பேனியா’ என்ற சொல் எங்கேயும் இல்லை.

இன்றும் அப்படித்தான். அந்த நாட்டுக்காரர்கள் தங்கள் நாட்டை ஷ்சிப்பெரியா என்பார்கள், மொழியை ஷ்சிப் என்பார்கள், தங்களை ஷ்சிப்தார் என்பார்கள். வாயில் நுழைய நமக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். அன்னை தெரசா பிறந்ததும் இந்த மக்களிடையேதான்.

அப்படியானால் ‘அல்பேனியர்’ யார் வைத்த பெயர்? வெளியூர்க்காரன் எவனோ வைத்த பட்டப்பெயர் என்று நினைக்கத் தோன்றும். அதுதான் இல்லை.

(திரையில்: அட்ரியாடிக் கடற்கரை வரைபடம். துர்ரஸ், க்ரூயா.)

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த டாலமி, தன் புவியியல் நூலில் ‘அல்பனோய்’ என்ற இனக்குழுவையும் ‘அல்பனோபோலிஸ்’ என்ற ஊரையும் குறிப்பிடுகிறார். இன்றைய துர்ரஸ் துறைமுகத்துக்குப் பின்னால், உள்நாட்டுப் பக்கம். அதற்கப்புறம் பல நூற்றாண்டுகள் அந்தப் பெயர் ஏடுகளில் ஏறக்குறைய காணாமல் போகிறது. 11-ஆம் நூற்றாண்டில், பைசாந்திய (கிழக்கு ரோமானியப் பேரரசு) வரலாற்றாசிரியர் அத்தலியாதிஸ் எழுத்தில் திரும்பத் தலைகாட்டுகிறது. இந்த முறை ‘அர்பனிதாய்’ என்ற வடிவமும் கூடவே வருகிறது.

அல்பன் எப்படி அர்பன் ஆனது? நமக்கு இது புதிதில்லை. பந்தல் பந்தர் ஆகும், சாம்பல் சாம்பர் ஆகும். லகரமும் ரகரமும் இடம் மாறுவது பல மொழிகளில் சகஜம்.

இடைக்காலத்தில் அந்த மக்களே தங்களை ‘ஆர்பன்’ அல்லது ‘ஆர்பர்’ என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். கடைசி எழுத்து ஏன் இரண்டு விதம்? ஷ்கும்பின் ஆற்றுக்கு வடக்கே ‘கெக்’ என்ற வட்டார வழக்கு, தெற்கே டோஸ்க் வழக்கு. வடக்கே ‘ன’ இருக்கும் பல இடங்களில் தெற்கே ‘ர’ வரும். திராட்சை மதுவுக்கு வடக்கே ‘வென’, தெற்கே ‘வெர’. இப்போது தபால் தலையில் இருந்ததை நினைத்துப் பாருங்கள்: ஷ்சிப்பெனியா. இன்றைய பெயர்: ஷ்சிப்பெரியா. அதே ஆறு, அதே இரண்டு கரைகள்.

இந்தப் பெயரை அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொண்டார்கள். கிரேக்கர் வாயில் அர்வானிட். அதை வாங்கிய துருக்கியர் நடுவில் இரண்டு எழுத்தை இடம் மாற்றி ‘அர்னாவுத்’ ஆக்கிவிட்டார்கள். நாம் மதுரையை ‘மருதை’ ஆக்கியது மாதிரி. இன்றும் இஸ்தான்புல் உணவகத்தில் ‘அர்னாவுத் ஜியெரி’ என்று கேட்டால், சின்னச் சின்னத் துண்டாக வெட்டி மாவு புரட்டிப் பொரித்த ஈரல், மேலே பச்சை வெங்காயத்தோடு தட்டில் வரும். ஈரல் வறுவலுக்குள் ஓர் இனத்தின் பழைய பெயர் உட்கார்ந்திருக்கிறது.

(திரையில்: அல்பேனியக் கொடி.)

அப்புறம் ஷ்சிப் எங்கிருந்து வந்தது? அல்பேனியாவில் யாரைக் கேட்டாலும் கொடியைக் காட்டுவார்கள். கழுகுக்கு அவர்கள் மொழியில் ‘ஷ்சிபோன்ய’, ஆகவே நாங்கள் கழுகின் பிள்ளைகள் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. மொழியியலாளர் பலர் சொல்வது வேறு: ஷ்சிப் என்றால் ‘தெளிவாக, புரியும்படி’. “ஷ்சிப்பில் பேசு” என்றால் இன்றும் “சுற்றி வளைக்காமல் சொல்லு” என்றே பொருள். “தமிழ்லதானே சொல்றேன், புரியலையா?” என்று நாம் கேட்பதில்லையா, அதே கதை. புரியும்படி பேசுகிறவன் நம்மாள், மற்றவன் அந்நியன். ஸ்லாவ் மக்கள் ஜெர்மானியர்களுக்கு வைத்த பெயரே ‘ஊமை’ என்ற சொல்லோடு சேர்ந்ததுதான்.

இந்தப் புதுப் பெயர் ஒட்டோமான் ஆட்சிக் காலத்தில்தான் பரவி, 18-ஆம் நூற்றாண்டுக்குள் பழையதைத் தள்ளிவிட்டது. மக்கள் முஸ்லிம், ஆர்தடாக்ஸ், கத்தோலிக்கர் என்று பிரிந்து நின்றபோது பேசும் மொழிதான் பொதுவாக மிஞ்சியது என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அது பொருத்தமாகப் படுகிறது.

ஒரு எச்சரிக்கை. பழைய நூல்களில் ‘அல்பேனியா’ என்று பார்த்ததும் பால்கனுக்கு ஓடிவிடாதீர்கள். கி.மு. 65-இல் ரோமானியத் தளபதி பாம்பே போரிட்ட அல்பேனியர்கள் காகசஸ்காரர்கள், இன்றைய அஜர்பைஜான் பக்கம். பெயர் மட்டும்தான் ஒன்று. ஸ்காட்லாந்துக்கு கேலிக் மொழியில் ‘அல்பா’ என்று பெயர், அது இன்னொரு தனிக் கதை.

(திரையில்: சிசிலி. மலைச்சரிவில் ஒரு சிற்றூர்.)

பழைய பெயர் செத்துவிட்டதா என்றால், இல்லை. பெயர் மாறுவதற்கு முன்பே ஊரை விட்டுப் போனவர்கள் அதைக் கையோடு கொண்டுபோய்விட்டார்கள். 15-ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் படைகளுக்கு அஞ்சிக் கடல் தாண்டி இத்தாலி போனவர்கள் இன்றும் ‘ஆர்பரெஷ்’. 1726-இல் ஷ்கோதர் ஏரிப் பக்கத்திலிருந்து குரோவேஷியாவின் சதார் நகருக்குப் போய்க் குடியேறியவர்கள் ‘அர்பனாசி’.

பலெர்மோவுக்குத் தெற்கே இருக்கும் இந்தச் சிற்றூருக்கு இத்தாலிய மொழியில் ‘பியானா தெல்யி அல்பனேசி’, அல்பேனியரின் சமவெளி. ஊர்க்காரர்கள் தங்கள் மொழியில் ‘ஹோரா எ ஆர்பரெஷவெத்’ என்பார்கள், ஆர்பரெஷ்களின் ஊர். இரண்டு பெயரிலும் இருப்பது ஒரே பழைய சொல். ‘ஷ்சிப்’ அங்கே வந்து சேரவேயில்லை.