இறைத்த கிணறு ஊறும்

விழாத் தலைவர் அவர்களே, வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வந்திருக்கும் உதவிக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, அதிபர் அவர்களே, ஆசிரியப் பெருந்தகைகளே, கிராம அலுவலர் அவர்களே, பழைய மாணவர் சங்கத்தாரே, தோட்ட வேலையை வெள்ளென முடித்துவிட்டு வந்து முன்வரிசையில் இருக்கும் அம்மாமாரே, ஐயாமாரே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். விளக்கேற்றிய குருக்கள் ஐயாவுக்கும், நேற்றிரவு முழுக்க நின்று பந்தல் போட்ட சனசமூக நிலையத் தம்பிமாருக்கும் நன்றி சொல்லாமல் தொடங்க முடியாது.

பள்ளிக்கூட வரவைப் பற்றி மூன்று விடயம் பேச வேண்டும்: காலைச் சாப்பாடு, பஸ், ரியூசன்.

"இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்" என்பார்கள். பள்ளிக்கூட வரவும் அப்படித்தான். கணக்கைப் பாருங்கள். வருடத்துக்குப் பள்ளிக்கூடம் ஏறக்குறைய 200 நாள் என்று வைப்போம். பிள்ளை கிழமைக்கு ஒரு நாள் வராமல் வீட்டில் நின்றால் 40 நாள் போகிறது. வரவு 80 வீதம். பாடசாலைப் பரீட்சார்த்தியாக உயர்தரப் பரீட்சை எழுதக் கேட்கப்படும் வரவும் அந்த 80 வீதம்தான். பிறகு ஒரு காய்ச்சல் வந்தாலே எல்லைக்குக் கீழே போய்விடும். முதலாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்புவரை இப்படியே நின்றால் 440 நாள், இரண்டு வருடத்துக்கும் மேல். நாள்தோறும் 20 நிமிடம் பிந்தி வருகிற பிள்ளைக்கும் நட்டம் உண்டு. வருடத்துக்கு 4000 நிமிடம், அதாவது 40 நிமிடப் பாடவேளை 100.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. மாதமுடிவில் வரவு இடாப்பில் வீதம் போட்டுவிட்டு மூடிவைக்க வேண்டாம். 30 பிள்ளைகள், 20 நாள், வரவு 90 வீதம் என்றால் நின்ற நாள்கள் 60. முப்பது பேரும் இரண்டு நாள் நின்றாலும் 60தான். மூன்று பேர் மாதம் முழுக்க வராவிட்டாலும் 60தான். முதலாவதைத் தடிமன் காய்ச்சல் என்று விடலாம். இரண்டாவதில் மூன்று பிள்ளைகள் கைநழுவிப் போகிறார்கள். நாள்தோறும் மேலிருந்து கீழாக வாசித்த இடாப்பைப் பிள்ளை பிள்ளையாகக் குறுக்கேயும் வாசியுங்கள். செவ்வாய்தோறும் ஒரே பிள்ளை நின்றால் அன்றைய நேரசூசியைப் பாருங்கள். கணிதம் இரட்டைப் பாடவேளையாக இருக்கும், அல்லது செய்யாத வீட்டுவேலை இருக்கும். பிள்ளை வராவிட்டால் காலை எட்டரைக்குள் வீட்டுக்கு ஒரு அழைப்பு, மூன்றாம் நாள் நேரே ஒரு நடை. பிள்ளை திரும்பி வந்த அன்று ஏச்சு வேண்டாம், இடைவேளையில் பத்து நிமிடம் விட்ட பாடத்தைச் சொல்லிக் கொடுங்கள். ஏச்சுக்குப் பயந்தே இரண்டாம் நாளும் நிற்கிற பிள்ளைகள் உண்டு.

செம்மண் பக்கத்தில் சொல்லும் கதை ஒன்று. வெங்காயத்துக்கு இறைப்பு முறை வந்தால் மகனை மறித்துவிடுகிற தோட்டக்காரர் ஒருவர். வாத்தியார் படலையடிக்கே வந்துவிட்டார். "அண்ணை, எத்தனை நாளுக்கு ஒருக்கால் இறைப்பியள்?" "மூண்டு நாலு நாளுக்கு ஒருக்கால், மாஸ்ரர்." "ஒரு முறை தவறினால்?" "தாள் நுனி காயும்." "ரெண்டு முறை?" "கிழங்கு பருக்காது." "அப்ப மூண்டாம் முறைக்கு மிசினை இரட்டிப்பு நேரம் ஓட விட்டால் சரிதானே?" தோட்டக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன மாஸ்ரர், தோட்டம் தெரியாத மாதிரிக் கதைக்கிறியள்! வாடின பயிருக்கு வெள்ளம் கட்டினால் அழுகிப் போகுமெல்லோ!" வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை, மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்ற பெடியனைத் திரும்பிப் பார்த்தார். தகப்பனும் பார்த்தார். அடுத்த இறைப்பு முறைக்கு வாய்க்காலில் கூலியாள் நின்றான்.

அந்த இரட்டிப்புத் தண்ணீர்தான் இன்றைய ரியூசன். இதைச் சொல்லத்தான் வந்தேன். இலங்கையில் 1998 இல் வந்த கட்டாயக் கல்வி விதி 5 முதல் 14 வயதுவரை என்றது. 2016 இல் அது 16 ஆனது. அதற்கு மேல் சட்டத்தின் பிடி இல்லை. உயர்தரப் பிள்ளைகள் கழன்றுபோவதும் அங்கேதான். விடியற்காலை ஐந்தரைக்கு ஒரு வகுப்பு, இரவு எட்டரைவரை இன்னொன்று. நடுவில் பள்ளிக்கூடம் நித்திரை கொள்கிற இடமாகிறது. கடைசி வருடத்தில் அதற்கும் வருவதில்லை. ஆய்வுகூடத்தில் அளவியை, அதாவது திரவம் அளந்து விடும் கண்ணாடிக் குழாயை, கையில் பிடித்து நியமிப்புப் பரிசோதனை செய்யாத பிள்ளை, முந்நூறு பேர் இருக்கிற கொட்டகையில் அதன் படத்தை மட்டும் கீறிப் படிக்கிறது. இறையாத கிணறு, ஐயாமாரே.

காலைச் சாப்பாடு பற்றி ஒன்றே ஒன்று: பாணும் சம்பலும் போதும், வெறுவயிற்றோடு அனுப்பாதீர்கள். பஸ் விடயத்தைப் பணிப்பாளர் பேசுவார்.

இந்த ஊரில் ரியூசன் நடத்துகிறவர்களிடம் என் கோரிக்கை மூன்று. பள்ளிக்கூட நாளில் விடியற்காலை வகுப்பு வேண்டாம். இரவு ஏழு மணிக்கு மேல் வேண்டாம். ஞாயிறு முற்பகல் அறநெறி வகுப்புக்கு விடுங்கள். இன்னும் ஒன்று, இதுதான் முக்கியம்: அன்று பள்ளிக்கூடம் போகாத பிள்ளையை மாலையில் உங்கள் வாங்கில் இருத்தாதீர்கள். வாசலிலேயே கேளுங்கள்.

கோரிக்கைப் படிவம் வாசலடி மேசையில் இருக்கிறது. பெற்றோர் கையெழுத்து வைத்து, பிள்ளையின் வகுப்பையும் எழுதிவிட்டுப் போங்கள். கிராம அலுவலர் திங்கட்கிழமை எடுத்துச் செல்ல ஒத்துக்கொண்டிருக்கிறார்.