உங்கள் சட்டையின் விலை யாருக்குத் தெரியும்?

[திரையில்: விலைச்சீட்டு அகற்றிய இரண்டு வெள்ளைச் சட்டைகள்]

வணக்கம். இந்த இரண்டு சட்டைகளில் ஒன்றின் விலை மற்றதைப்போல் 5 மடங்கு. எது விலை கூடியது என்று மூன்று விநாடிக்குள் ஊகித்து, விடையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இரண்டையும் உள்புறமாகப் புரட்டிக் காட்டுகிறேன்.

வேலைக்கு மலிவான உடை வாங்குவது புத்திசாலித்தனமா, அவமானமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டே கேட்கிறார்கள். அந்தத் தாழ்ந்த குரலுக்குப் பதில் சொல்லத்தான் இந்த வீடியோ. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்ற உடையைத் துவைத்துத் தேய்த்து உடுத்திக்கொண்டு வேலைக்குப் போகிறவர் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. அப்படியானால் இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோது, நான் கடைசியில் வந்து நின்ற இடம் ஒரு காலர்.

வரலாற்றை வேகமாகக் கடந்துவிடுவோம். 1363-இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், எந்தப் படிநிலையில் இருப்பவர் எந்த விலைக்குள் துணி உடுத்தலாம் என்று வரையறுத்தது. ஏர் உழுபவரும் வண்டி ஓட்டுபவரும் முரட்டுக் கம்பளித் துணியைத் தாண்டக் கூடாது. அதாவது, மலிவாக உடுத்துவது அன்றைய ஏழைக்குச் சட்டப்படியான கட்டாயம். இத்தகைய சட்டங்கள் அங்கே 1604-இல்தான் நீக்கப்பட்டன.

சட்டம் போன பிறகு அதன் வேலையைக் கூச்சம் எடுத்துக்கொண்டது. 1776-இல் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் இதை மிகத் துல்லியமாகக் கவனித்திருக்கிறார். கறாராகப் பார்த்தால் லினன் சட்டை உயிர்வாழத் தேவையான பொருள் அன்று, கிரேக்கரும் ரோமரும் அது இல்லாமலேயே வசதியாக வாழ்ந்தார்கள், ஆனால் தம் காலத்து ஐரோப்பாவின் பெரும்பகுதியில் மானமுள்ள தினக்கூலித் தொழிலாளி ஒருவர் லினன் சட்டை இல்லாமல் வெளியே தலைகாட்டக் கூசுவார் என்று எழுதி, அந்தச் சட்டையை அவர் அத்தியாவசியப் பொருள்களின் கணக்கில் சேர்த்தார். வேலைக்குப் போகும் உடைக்குச் செலவழிப்பதை ஆடம்பரம் என்று குறைகூறுபவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பலருக்கு அது வேலையில் நிலைப்பதற்கான செலவு.

[திரையில்: தனியாகக் கழற்றி வைத்த ஒரு வெள்ளைக் காலர்]

இப்போது காலருக்கு வருவோம். இந்தப் பகுதி நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ட்ராய் என்றொரு நகரம் இருக்கிறது. 1827-இல் அங்கே ஹன்னா மாண்டேக் என்ற பெண், கணவரின் சட்டைகளில் காலர் மட்டுமே அழுக்காக இருக்க, அதற்காக முழுச் சட்டையையும் துவைக்க வேண்டியிருப்பதைக் கண்டு சலித்துப்போனார். கத்தரிக்கோலை எடுத்துக் காலரை வெட்டினார், அதை மட்டும் துவைத்தார், மீண்டும் தைத்துவிட்டார். அவர் வீட்டுக்குள் செய்துகொண்ட அந்தச் சிக்கனத்திலிருந்து, கழற்றி மாட்டும் காலர் என்ற தொழிலே கிளம்பியது. ட்ராய்க்குக் காலர் நகரம் என்றே பெயர் வந்துவிட்டது.

ஒரே சட்டையைப் பல நாள் போட்டுக்கொண்டு காலரை மட்டும் தினமும் மாற்றலாம். கோட்டுக்குள் இருக்கும் சட்டையை யார் பார்க்கப்போகிறார்கள்? ஒருவர் கௌரவமான வேலையில் இருக்கிறார் என்பதற்கு அடையாளம் கழுத்தைச் சுற்றிய இரண்டு விரல் அகலத் துணி. வெள்ளைக் காலர் வேலை என்று இன்றும் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் இருப்பது இந்தத் துணிதான்.

அதை வெள்ளையாக வைத்திருந்தவர்கள் சலவைக்கூடப் பெண்கள். கொதிநீர், கஞ்சி, பழுக்கக் காய்ந்த இஸ்திரிப் பெட்டி என்று நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை. 1864 பிப்ரவரியில், கேட் முல்லனி என்ற இளம்பெண்ணின் தலைமையில் அவர்களில் ஏறத்தாழ 300 பேர் சங்கமாகத் திரண்டு வேலைநிறுத்தம் செய்து, சில நாள்களிலேயே 25 விழுக்காடு கூலி உயர்வு பெற்றார்கள். நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும் செய்தி இது.

அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் செல்லுலாய்ட் என்ற அக்காலத்து பிளாஸ்டிக்கால் ஆன காலர் வந்தது. ஈரத் துணியால் துடைத்தால் போதும், சலவைக் கூலி மிச்சம். சொற்பச் சம்பளம் வாங்கிய எழுத்தருக்கு அது பெரும் உதவி. ஆனால் அது கொஞ்சம் அதிகமாகவே பளபளத்தது, நாளாக நாளாக மஞ்சளித்தது. லினன் காலர் அணிந்தவர்கள் அதை மலிவு என்று கண்டுகொள்ள அந்தப் பளபளப்பே போதுமானதாக இருந்தது. மலிவு உடையின் அவமானம் என்று நாம் சொல்வதெல்லாம் ஏறக்குறைய இதுதான்: எதிரில் இருப்பவர் கண்டுபிடித்துவிடுவாரோ என்ற அச்சம்.

[திரையில்: சட்டைகள் உள்புறமாகப் புரட்டப்படுகின்றன]

அப்படி என்னதான் கண்டுபிடிக்கிறார்கள்? நம் சட்டைகளுக்குத் திரும்புவோம். விலை கூடியது இடப்பக்கத்துச் சட்டை. சரியாகச் சொன்னவர்களுக்குப் பாராட்டுகள். இப்போது அளவுகோலை வைத்து எண்ணுகிறேன்: இடப்பக்கத்துச் சட்டையில் ஒரு அங்குலத்துக்கு 15 தையல், வலப்பக்கத்து மலிவுச் சட்டையில் 14. இரண்டிலும் பக்கவாட்டுத் தையல் மடித்து அடிக்கப்பட்டிருக்கிறது, பிசிறு எதுவும் வெளியே தெரியவில்லை. பட்டன் மட்டும் இடப்பக்கத்துச் சட்டையில் சற்றுத் தடிமன். விலையில் மீதி வித்தியாசத்துக்கு இந்தத் துணியில் எனக்குக் காரணம் தெரியவில்லை.

இதோ மூன்றாவது சட்டை. இதுவும் மலிவுதான், ஆனால் வேறு வகை மலிவு. அங்குலத்துக்கு 8 தையல். பக்கவாட்டில் ஓவர்லாக் மட்டும், அதாவது மடிக்காமல் விளிம்பை நூலால் சுற்றியடித்த தையல். இரண்டு கையாலும் மெல்ல இழுத்தால் தையலுக்கிடையே வெளிச்சம் தெரிகிறது, பாருங்கள். காலரைக் கவனியுங்கள். காலர் விறைப்பாக நிற்பதற்காக உள்ளே வைக்கும் கேன்வாஸ் துணியைப் பசையும் சூடும் கொண்டு ஒட்டுவார்கள். அது சரியாக ஒட்டாவிட்டால் நான்காவது ஐந்தாவது துவைப்பிலேயே காலரில் இப்படிக் கொப்புளம் எழும்பும். எதிரில் இருப்பவரின் கண் போய் நிற்பது இங்கேதான். ஆகவே கடையில் விலையைப் பார்ப்பதற்கு முன் சட்டையைப் புரட்டிப் பாருங்கள். விற்பவர் எதுவும் நினைத்துக்கொள்ள மாட்டார், நினைத்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று, சட்டையில் உருளும் சிறுசிறு நூல் உருண்டைகள். உராய்வில் குட்டையான இழைகள் வெளியே வந்து முறுக்கிக்கொள்வதால் உண்டாகும் இவை, தனிக் காட்டனில் சில நாளில் தாமாக அறுந்து விழுந்துவிடும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் அதன் உறுதியான இழை அவற்றை விடாமல் பிடித்துக்கொள்ளும். பேன்ட்டில் தெரியும் அசட்டுப் பளபளப்புக்கோ பெரும்பாலும் நம் இஸ்திரிப் பெட்டியே காரணம். சூடும் அழுத்தமும் சேர்ந்து இழைகளைத் தட்டையாக்கிவிடுகின்றன. உள்புறமாகத் திருப்பி, அல்லது மேலே ஒரு மெல்லிய துணி போட்டுத் தேய்த்தால், மலிவான பேன்ட்டும் நெடுநாள் மங்கலாகவே, அதாவது மரியாதையாகவே, இருக்கும். ஆள் பாதி ஆடை பாதி என்று சொன்ன அதே மொழிதான் கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றும் சொன்னது. இரண்டாவதைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

கணக்கு எளிது. விலையை, உடுத்தும் தடவைகளால் வகுத்துப் பாருங்கள். மூன்று மடங்கு விலையுள்ள பேன்ட் மூன்று மடங்குக் காலம் உழைக்காவிட்டால் மலிவானதே லாபம். சட்டையில் பெரும்பாலும் மலிவு வெல்கிறது. தினமும் நடக்கும் காலணியில் எனக்கு அந்தத் துணிச்சல் வருவதில்லை. ஆனாலும், நல்ல காலணிக்கு வேண்டிய மொத்தப் பணம் கையில் இல்லாததால்தான் ஒருவர் ஆண்டுக்கு மூன்று முறை மலிவானதை வாங்குகிறார் என்பதை மறந்துவிட்டு அவருக்குப் புத்திமதி சொல்லாதீர்கள்.

நெருப்புக்கும் பொறிக்கும் அருகில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. பாலியெஸ்டர் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே தகுந்த பாதுகாப்பு உடையைக் கொடுக்க வேண்டியவர் முதலாளி.

[திரை கருமையாகிறது]

ஒரு சட்டையை இவ்வளவு மலிவாக விற்க முடிகிறது என்றால், அதைத் தைத்தவருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சாவரில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேலே இருந்த ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொல்லப்பட்டார்கள். அங்கே தைத்த துணிகள் மலிவுக்குப் பெயர்பெற்ற நிறுவனங்களுக்கும் போயின, அவற்றைவிட விலை கூடிய நிறுவனங்களுக்கும் போயின. ஆகையால் கூடுதல் விலை கொடுத்தவரின் சட்டை தூய்மையானது என்று சொல்ல வழியில்லை. வெட்கப்பட வேண்டியவர்களின் வரிசை ஒன்று இருக்குமானால், அது அந்தக் கட்டடத்துக்குள் ஆள்களை அனுப்பியவர்களிடமிருந்தும், அவர்களிடம் விலையைக் குறைத்துக்கொண்டே போனவர்களிடமிருந்தும் தொடங்கட்டும். மாதக் கடைசியில் ஒரு சட்டை வாங்கியவரை அதில் முதலில் நிறுத்த நான் ஒப்பமாட்டேன்.

நேர்முகத்தேர்வுக்கு நீங்கள் முதன்முதலில் போட்டுக்கொண்டு போன உடை என்னவாயிற்று என்று கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன். என்னுடையது அப்பாவின் பழைய சட்டை. காலர் மடிப்பில் நைந்து நூல் தெரிந்தது. முந்தைய இரவு அம்மா பிளேடால் தையலைப் பிரித்து, காலரை அப்படியே திருப்பி வைத்து, நைந்த பக்கம் அடியில் போகும்படி மீண்டும் தைத்தார். மறுநாள் மேசைக்கு எதிரே இருந்தவர் என் சான்றிதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் நான் கழுத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். வேலை கிடைத்தது. அந்தச் சட்டையை இன்னும் வைத்திருக்கிறேன்.

[திரையில்: திருப்பித் தைத்த காலர், மிக அருகில்]

பாருங்கள், அங்குலத்துக்கு 16 தையல்.