படகும் காசு உறையும்

(ஸ்காபரோவில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம். பெரியவர்களே, தாய்மாரே, பள்ளிக்கூடம் முடிந்து நேரே இங்கே வந்திருக்கிற பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

1986 ஆகஸ்ட் 11. கனடாவின் கிழக்கே நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரைக்கு அப்பால் கடும் மூடுபனி. மீன் பிடிக்கப் போன ஒருவர் அந்தப் பனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளைக் கண்டார். இரண்டிலும் சேர்த்து 155 பேர், எல்லோரும் தமிழர். ஜெர்மன் கப்பல் தலைவன் ஒருவன் அவர்களை நடுக்கடலில் இறக்கி விட்டுவிட்டுப் போய்விட்டான். கரை தெரியாமல் நாட்கணக்கில் மிதந்தார்கள். அந்தப் படகில் வந்த ஒருவர் பல வருடம் கழித்து என்னிடம் சொன்னார்: "தம்பி, முதலில் இயந்திரச் சத்தம்தான் கேட்டது. ஆளைக் காணவில்லை. எங்களைச் சுடப் போகிறார்களோ என்று நினைத்தோம். அவர்கள் சாப்பாடு தந்தார்கள்."

கரைக்கு வந்ததும் பயத்தில் இந்தியாவிலிருந்து வருகிறோம் என்றார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து புறப்பட்டது சில நாளில் தெரிந்துவிட்டது. நாடு முழுக்கக் கொதித்தது. பொய் சொன்னவர்கள், வரிசையை முந்தியவர்கள், திருப்பி அனுப்புங்கள் என்று வானொலியிலும் பத்திரிகையிலும் கதைத்தார்கள். அப்போது பிரதமராக இருந்தவர் பிரையன் மல்ரூனி. முற்போக்குக் கன்சர்வேடிவ் கட்சித் தலைவர். இந்த நாடு குடியேறிகளாலும் அகதிகளாலும் கட்டப்பட்டது, உயிர்காப்புப் படகில் வந்து ஒதுங்கியவர்களை நான் திருப்பி அனுப்ப மாட்டேன் என்ற பொருள்பட அவர் பேசினார். வந்தவர்களுக்கு வேலை செய்யும் உரிமையோடு ஒரு வருட அனுமதிப் பத்திரம் கிடைத்தது.

2024 பெப்ரவரி 29 அன்று அவர் இறந்தபோது நம்மவர் பலர் இந்த ஒரு கதையை மட்டும் சொல்லிக் கண் கலங்கினார்கள். கலங்கட்டும், நானும் கலங்கினேன். ஆனால் இந்த மனிதரின் மீதிக் கதையை நம்முடைய பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. நன்றியோடு இருப்பவர்கள் கேள்வி கேட்கக் கூடாது என்று ஒரு பழக்கம் நமக்குள் இருக்கிறது. அந்தப் பழக்கத்தை இன்றைக்குக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பேசப் போகிறேன்.

மல்ரூனி 1939இல் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தின் பே-கோமோ என்ற காகித ஆலை ஊரில் பிறந்தவர். அப்பா அந்த ஆலையில் மின்சார வேலை செய்தார். ஆலையைக் கட்டியவர் சிகாகோவின் பெரிய பத்திரிகை முதலாளி. அவர் ஊருக்கு வரும்போது சிறுவன் பிரையன் பாட்டுப் பாடுவான், 50 டொலர் கொடுப்பாராம். பெரிய மனிதருக்கு முன்னால் நின்று அவர் மனதைக் குளிர வைக்கிற அந்தக் கலை கடைசிவரை அவரிடம் இருந்தது. ஆங்கிலமும் பிரெஞ்சும் தண்ணி பட்ட பாடு. சட்டம் படித்தார், தொழிலாளர் வழக்குகளில் பெயர் எடுத்தார், 1976இல் கட்சித் தலைமைக்கு நின்று தோற்றார், ஓர் இரும்புத்தாதுச் சுரங்கக் கம்பனியை நடத்தினார், 1983இல் மறுபடி நின்று ஜோ கிளார்க்கை வென்றார்.

1984 தேர்தல் விவாதத்தை நீங்கள் பார்க்க வேண்டும். லிபரல் தலைவர் ஜோன் டேர்னர், முந்தைய பிரதமர் பியேர் ட்ரூடோ தன் ஆட்களுக்குப் பதவிகளை அள்ளிக் கொடுக்க விரும்பியதை அப்படியே நிறைவேற்றியிருந்தார். எனக்கு வேறு வழி இருக்கவில்லை என்றார் டேர்னர். மல்ரூனி விரலை நீட்டி, "உங்களுக்கு வழி இருந்தது ஐயா" என்றார். முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்றார். டேர்னரின் முகம் விழுந்த அந்தக் கணத்தோடு தேர்தலும் விழுந்தது. 282 ஆசனங்களில் 211. அதற்கு முன்னும் பின்னும் இந்த நாட்டில் எந்தக் கட்சியும் அத்தனை ஆசனம் எடுத்ததில்லை.

அந்த வசனத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன். பதவிக்கு வந்ததும் அவரும் தன் நண்பர்களுக்குப் பதவிகளை அள்ளித்தான் கொடுத்தார். 1985 வரவு செலவுத் திட்டத்தில் முதியோர் ஓய்வூதியத்தை விலைவாசி உயர்வோடு முழுதாகச் சேர்த்து உயர்த்த மாட்டோம் என்று வந்தது. பாராளுமன்றத்துக்கு வெளியே 63 வயது அம்மா ஒருவர், இவர் தோள் உயரம்கூட இல்லை, கமராக்களுக்கு முன்னால் இவரை மறித்தார். எங்களிடம் பொய் சொன்னீர்கள், வாக்குப் போட வைத்தீர்கள், அப்புறம் குட்பை சார்லி பிரவுன், அதாவது கைகழுவிவிட்டீர்கள், என்றார். அந்தக் காட்சி வீடு வீடாகப் போனது. சில நாட்களில் அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டது. இந்த அம்மாவைப் பற்றி நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஒரு பெரும்பான்மை அரசை நிறுத்த அவருக்கு ஒரு வசனம் போதுமாக இருந்தது.

அதே 1985 ஜூன் 23. ஏர் இந்தியா விமானம் அயர்லாந்துக் கரைக்கு அப்பால் குண்டு வெடித்துக் கடலில் விழுந்தது. 329 பேர். அதில் 268 பேர் கனடியப் பிரசைகள். மல்ரூனி தொலைபேசியை எடுத்து இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்திக்கு அனுதாபம் சொன்னார். செத்தது தன் சொந்த மக்கள். கவலைப்பட வேண்டிய பிரதமர் தான்தான் என்பது அவருக்கு அந்த நேரம் உறைக்கவில்லை. பழுப்புத் தோல், இந்தியப் பெயர் என்றால் அவர்கள் வேறு நாட்டவர் என்று தலைநகர் ஒட்டாவா நினைத்தது. அந்தக் குடும்பங்கள் முறையான விசாரணைக் குழுவுக்கு 2006 வரை காத்திருந்தன. அரசின் மன்னிப்புக்கு 2010 வரை. இதைச் சொல்லாமல் அடுத்த வருடப் படகுக் கதையை மட்டும் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

படகுக் கதைக்கு அடுத்த வருடமும் உண்டு. 1987 ஜூலையில் நோவா ஸ்கோஷியாவின் ஒரு சின்ன மீனவ ஊரில் 174 பேர் விடியற்காலையில் கரையேறினார்கள். பெரும்பாலும் சீக்கியர். ஊர்ச்சனம் அவர்களுக்குத் தண்ணீரும் பாணும் கொடுத்தது. ஒட்டாவாவோ கோடை விடுமுறையில் இருந்த பாராளுமன்றத்தை அவசரமாகக் கூட்டியது. கப்பல்களைத் திருப்பி அனுப்ப இடம் தரும் சட்டமூலம் வந்தது. கொண்டு வந்தது அதே மல்ரூனி அரசாங்கம். ஒரு வருடத்துக்குள் என்ன மாறியது? நம் 155 பேருக்காக அவர் வாங்கிக்கொண்ட திட்டுத்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். எங்களுக்குக் கதவைத் திறந்து வைத்த கை, பின்னால் வந்தவனுக்கு அதைச் சாத்தப் பார்த்தது. நாங்கள் உள்ளே வந்துவிட்டோம் என்பதால் இதை மறந்துவிட முடியாது. அதன் பிறகு 2010இல் சன் சீ கப்பலில் 492 தமிழர் வந்தார்கள். அப்போது இருந்தது ஸ்டீபன் ஹார்ப்பரின் கன்சர்வேடிவ் அரசு. பலரை மாதக்கணக்கில் தடுப்பில் வைத்தார்கள். அந்த நேரம் மல்ரூனியின் 1986 பேச்சை எத்தனை மேடைகளில் நாம் நினைத்துப் பெருமூச்சு விட்டோம்!

தென்னாபிரிக்காவின் நிறவெறி ஆட்சி விஷயத்தில் அவருக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரும் அமெரிக்க ஜனாதிபதி ரேகனும் அவருடைய நண்பர்கள். அவர்கள் இருவரும் அந்த நாட்டுக்குப் பொருளாதாரத் தடை வேண்டாம் என்றார்கள். இவர் பொதுநலவாய மாநாடுகளில் தாட்சரோடு முகத்துக்கு முகம் மோதித் தடையைக் கேட்டார். இரண்டாம் உலகப் போரில் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானியக் கனடியரிடம் 1988இல் மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 21,000 டொலர் கொடுத்தார். இதனால் அவருக்கு வாக்கு எதுவும் பெரிதாகக் கிடைக்கப் போவதில்லை. செய்தார்.

1990 ஜூன் 18 அன்று மண்டேலா ஒட்டாவாப் பாராளுமன்றத்தில் பேசினார். மல்ரூனிக்கு அதுதான் உச்சி. அதே வாரக் கடைசியில் அவருடைய மீச் லேக் உடன்படிக்கை செத்தது. கியூபெக்கைத் தனித்துவமான சமூகம் என்று அரசியலமைப்பில் எழுதுவதற்கான உடன்படிக்கை அது. அதிகாரப் பகிர்வு என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்த எங்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் பத்து மாகாண முதல்வர்களும் மூடிய அறைக்குள் முடிவெடுத்தார்கள், முதற்குடி மக்களை யாரும் கேட்கவில்லை. மனிடோபா சட்டசபையில் எலைஜா ஹார்ப்பர் என்ற ஓஜி-கிரீ உறுப்பினர் கையில் ஒரு கழுகுச் சிறகைப் பிடித்தபடி திரும்பத் திரும்ப "இல்லை" என்றார். மாகாணங்கள் ஒப்புதல் தரக் குறித்திருந்த நேரம் முடிந்துவிட்டது. அதற்கு முன்னர் மல்ரூனி ஒரு பத்திரிகைப் பேட்டியில், பகடையை உருட்டுகிற நாளைத் தானே பார்த்துக் குறித்ததாகச் சொல்லியிருந்தார். நாட்டின் ஒற்றுமை இவருக்குச் சூதாட்டமா என்று சனம் கேட்டது. நியாயமான கேள்வி. 1992இல் சார்லட்டவுன் என்ற இன்னோர் அரசியலமைப்பு உடன்படிக்கையை வாக்கெடுப்புக்கு விட்டார், அதுவும் தோற்றது.

சுதந்திர வர்த்தகம் பற்றி நீளமாகப் பேச மாட்டேன். 1988 தேர்தல் முழுதும் அமெரிக்காவோடு ஒப்பந்தமா வேண்டாமா என்றுதான் நடந்தது. 169 ஆசனத்தோடு வென்றார், அடுத்த வருடம் அது நடைமுறைக்கு வந்தது. பிறகு வந்த லிபரல்களும் அதை விடவில்லை.

ஆனால் வரியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும், அதை என் கையாலேயே வசூலித்தேன். 1991 ஜனவரியில் ஜீ.எஸ்.டி. வந்தபோது நான் இரவு நேர டோனட் கடையில் காசாளன். ஏழு வீதம். ஆறு டோனட் வாங்கினால் அது வீட்டுக்குக் கொண்டுபோகிற சாப்பாட்டுச் சாமான், வரி இல்லை. ஐந்து வாங்கினால் வரி உண்டு. விடிய மூன்று மணிக்கு, பனியில் நனைந்த பார ஊர்திச் சாரதியிடம் இதை அரைகுறை ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். அவர் ஐந்து கேட்பார், நான் ஆறு எடுக்கச் சொல்வேன், என் மேலாளர் முறைப்பார். ஒவ்வொருவரும் சில்லறையை மேசையில் வைக்கும்போது சொன்ன பெயர் மல்ரூனி. அதற்கு முன்பும் உற்பத்தியாளர் மீது 13.5 வீத வரி இருந்தது, விலைக்குள் மறைந்து இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. மறைந்த வரியைக் கண்ணுக்குத் தெரியப் பற்றுச்சீட்டில் போட்டார், அதனாலேயே வெறுக்கப்பட்டார். செனட்டில் லிபரல்கள் சட்டமூலத்தை மறித்தார்கள், ஊதுகுழல்கூட ஊதினார்கள். அவர் அரசியலமைப்பின் 26ஆம் பிரிவைத் தேடி எடுத்து, மகாராணியின் சம்மதத்தோடு எட்டு செனட்டர்களை மேலதிகமாக நியமித்து நிறைவேற்றினார். அந்தப் பிரிவை வேறு எந்தப் பிரதமரும் பயன்படுத்தி வெற்றி கண்டதில்லை.

1993இல் விலகினார். அந்த ஒக்டோபர் தேர்தலில் கிம் கேம்பெல் தலைமையில் நின்ற கட்சிக்கு நாடு முழுவதும் இரண்டு ஆசனம். இரண்டே இரண்டு.

சரி, இப்போது உறைக்கு வருகிறேன்.

1995இல் பொலிசுக்காகக் கனடிய நீதி அமைச்சு சுவிட்சர்லாந்துக்கு ஒரு கடிதம் அனுப்பியது. ஏர் கனடா 1988இல் ஏர்பஸ் விமானங்கள் வாங்கியதில் மல்ரூனிக்குத் தரகுப் பணம் போனது என்ற சந்தேகம் அதில் இருந்தது. அவர் 50 மில்லியன் டொலர் கேட்டு வழக்குப் போட்டார். சத்தியம் செய்து சாட்சி சொல்லும்போது, ஆயுதத் தரகர் கார்ல்ஹைன்ஸ் ஷ்ரைபரோடு ஒன்றிரண்டு தடவை கோப்பி குடித்திருப்பேன் என்றார். 1997இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டு 2.1 மில்லியன் டொலர் வழக்குச் செலவைக் கொடுத்தது. பொதுமக்கள் காசு. என் டோனட் கடை வரியும் அதில் ஒரு துளி. ஏர்பஸ் விஷயத்தில் அவர் மேல் எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை. அதைத் தெளிவாகச் சொல்கிறேன்.

ஆனால் பிறகு வெளியே வந்தது வேறு. 1993 ஆகஸ்டில், பிரதமர் பதவியை விட்டு இரண்டு மாதம், இன்னும் பாராளுமன்ற உறுப்பினர். மொன்றியலுக்குப் பக்கத்து விமான நிலைய ஹோட்டல் ஒன்றில் ஷ்ரைபர் ஓர் உறையை நீட்டினார். உள்ளே ஆயிரம் டொலர்த் தாள்கள். பின்னர் மொன்றியலில் ஒரு தடவை, நியூயோர்க்கில் ஒரு தடவை. மூன்றும் சேர்த்து 225,000 என்றார் மல்ரூனி, 300,000 என்றார் ஷ்ரைபர். வங்கியில் போடவில்லை. வீட்டுப் பெட்டகத்தில் வைத்தார், நியூயோர்க்கில் ஒரு பெட்டகத்தில் வைத்தார். ரசீது இல்லை. பல வருடம் கழித்து, 1999இல் ஷ்ரைபர் கைதான பிறகுதான் வரி கட்டினார். கவச வாகன விற்பனைக்கு வெளிநாடுகளில் ஆலோசனை சொன்னதற்கான கூலி என்பது அவருடைய விளக்கம். நீதிபதி ஒலிஃபன்ட் விசாரித்து 2010இல் அறிக்கை கொடுத்தார்: அந்தக் கொடுக்கல் வாங்கல் தகாதது, பிரதமராக இருந்தபோது 1985இல் மல்ரூனியே கொண்டுவந்த ஒழுக்க விதிகளை அவரே மீறினார் என்று. காசு வாங்கியது தன் வாழ்க்கையின் பெரிய தவறுகளில் ஒன்று என்று பாராளுமன்றக் குழு முன் அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

இங்கேதான் அந்த 1984 வசனம் எனக்குத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. உங்களுக்கு வழி இருந்தது ஐயா. முடியாது என்று சொல்லியிருக்கலாமே.

தாட்சரிடம் முடியாது என்று சொல்லத் தெரிந்த மனிதர். எங்களைத் திருப்பி அனுப்பு என்று நாடே கத்தியபோது முடியாது என்று சொன்ன மனிதர். அந்த ஹோட்டல் அறையில் ஏன் சொல்லவில்லை? வறுமையில் வளர்ந்தவர், பதவி போன பயம் என்று சிலர் காரணம் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. எங்களில் எத்தனை பேர் இரண்டு வேலை, மூன்று வேலை செய்து, ஒவ்வொரு டொலருக்கும் கணக்கு வைத்து வரி கட்டினோம்.

2024 மார்ச்சில் ஒட்டாவாவில் அவர் உடலை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். குளிரில் வரிசை. மகன் கைத்தொலைபேசியில் தேடிக்கொண்டே வந்தவன், "அப்பா, உறையில் காசு வாங்கினவராமே, பிறகு ஏன் நாங்கள் வந்தோம்?" என்று கேட்டான். படகில் வந்த மாமாவைத் தெரியும்தானே என்றேன். தெரியும் என்றான். இரண்டும் உண்மைதான் என்றேன். அதற்குப் பிறகு கதவு வரைக்கும் இருவரும் பேசவில்லை.

உள்ளே போனோம், தலை குனிந்தேன். அனுதாபப் புத்தகத்தில் தமிழில் எழுதினேன்: "155 பேரைத் திருப்பி அனுப்பாததற்கு நன்றி." பக்கத்தில் இடம் நிறைய இருந்தது. அந்த ஹோட்டல் அறைக் கேள்வியையும் எழுதலாமா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குடும்பத்தார் வாசிக்கிற புத்தகம், மனம் வரவில்லை. மூடி வைத்துவிட்டு வந்தேன். இன்றைக்கு உங்கள் முன்னால் கேட்டுவிட்டேன். வணக்கம்.