குறைமாசக் குழந்தைக்கு டி4 கம்மி, டி.எஸ்.ஹெச் நார்மல்: தைராய்டு மாத்திரை தேவையா?

பெரம்பூர்லேர்ந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "29 வாரத்துல பிறந்த பொண்ணு. அஞ்சாம் நாள் டெஸ்ட்ல டி4 கம்மி, டி.எஸ்.ஹெச் 4. டாக்டர் மாத்திரை எழுதலை, அப்புறம் பார்க்கலாம்னு சொல்றார். மூளை வளர்ச்சி பாதிக்குமா?"

உங்க பயம் நியாயமானதும்மா. டி4ங்கிறது தைராய்டு சுரக்கிற ஹார்மோன், அதாவது தைராக்ஸின். மூளையில நரம்பு செல்கள் அதுஅது இடத்துல போய் உட்காரவும், நரம்பு மேல மயலின்ங்கிற கொழுப்பு உறை படரவும் இந்த ஹார்மோன் வேணும். வயித்துக்குள்ள இருந்தவரைக்கும் ஒரு பங்கு உங்க ரத்தத்துலேர்ந்து நஞ்சுக்கொடி வழியா போயிட்டிருந்தது. பிறந்ததும் அது நின்னுடுச்சு. பாப்பாவோட தைராய்டும், டி.எஸ்.ஹெச்சைச் சுரந்து அதை முடுக்குற பிட்யூட்டரிங்கிற மூளையடிச் சுரப்பியும் இன்னும் முதிரலை. அதனாலதான் டி4 இறங்கியும் டி.எஸ்.ஹெச் ஏறலை. பெரும்பாலான குழந்தைகளுக்கு சில வாரத்துல இது தானா சரியாகும்.

"எதுக்கும் கொடுத்து வைப்போமே"ன்னு தோணும். 1997ல வெளியான நெதர்லாந்து ஆய்வுல, 30 வாரத்துக்கு முன்னாடி பிறந்த 200 குழந்தைகள்ல பாதிப் பேருக்கு ஆறு வாரம் தைராக்ஸின் கொடுத்தாங்க. ரெண்டு வயசுல பார்த்தா மொத்தத்துல வித்தியாசமே இல்லை. 27 வாரத்துக்கு முன்னாடி பிறந்தவங்களுக்கு உதவின மாதிரி தெரிஞ்சுது. அதுக்கு அப்புறம் பிறந்தவங்களுக்கு மனவளர்ச்சி மதிப்பெண் குறைஞ்சுது. உங்க பொண்ணு அந்த ரெண்டாவது வகை. டாக்டர் பொறுத்துப் பார்க்கிறது சரிதான்.

ஆனா அந்த 4ஐ நம்பி விட்டுடாதீங்க. நிஜமாவே தைராய்டு குறைபாடு இருக்கிற குறைமாசக் குழந்தைக்கும் முதல் வாரம் டி.எஸ்.ஹெச் நார்மலா வரலாம், அப்புறம்தான் ஏறும். 2லேர்ந்து 4 வாரத்துக்குள்ள ஃப்ரீ டி4 (ரத்தத்துல புரதத்தோட ஒட்டாம இருக்கிற டி4), டி.எஸ்.ஹெச் ரெண்டும் திரும்பப் பார்க்கணும். டிஸ்சார்ஜ் ஆகுற அவசரத்துல இந்த டெஸ்ட்தான் விட்டுப்போகும். டிஸ்சார்ஜ் அட்டையில தேதி எழுதி வாங்கிக்கோங்க. பாப்பாவுக்கு டோபமைன் (ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற மருந்து), ஸ்டீராய்டு போயிருந்தா அதுவும் டி.எஸ்.ஹெச்சை அமுக்கும், அதையும் கேளுங்க. தோல்ல, தொப்புள்ல அயோடின் மருந்து நிறைய தடவினாலும் இந்தப் பிஞ்சுச் சுரப்பி வேலையை நிறுத்திடும்.

ரெண்டாவது டெஸ்ட்ல டி.எஸ்.ஹெச் 20ஐத் தாண்டினா, இல்லை 10க்கு மேல போய் ஃப்ரீ டி4ம் கம்மியா இருந்தா, காத்திருக்கக் கூடாது, அன்னைக்கே சிகிச்சை. தைராக்ஸினோட வழக்கமான அளவு ஒரு நாளைக்கு கிலோவுக்கு 10லேர்ந்து 15 மைக்ரோகிராம், எடையையும் ரிப்போர்ட்டையும் பார்த்து டாக்டர் முடிவு பண்ணுவார். மாத்திரையை அப்பப்போ பொடிச்சு, கொஞ்சம் தாய்ப்பால்ல கரைச்சு பாலாடையில கொடுங்க. முன்கூட்டியே கரைச்சு வைக்காதீங்க, பாட்டில் பால் முழுக்கக் கலக்காதீங்க. பாப்பா மிச்சம் வெச்சா மருந்தும் மிச்சம். குறைமாசக் குழந்தைக்கு இரும்பு சொட்டு மருந்து, கால்சியம் கட்டாயம் இருக்கும். ரெண்டும் தைராக்ஸினை உடம்புல சேரவிடாது, 4 மணி நேர இடைவெளி வேணும். தைராக்ஸின் காலையில, இரும்பு சாயங்காலம்னு வெச்சுக்கோங்க. மாத்திரை பாட்டிலை சென்னை வெயில்ல அடுப்பு மேடைப் பக்கம் வைக்காதீங்க, சூடும் ஈரமும் அதோட வீரியத்தைக் குறைச்சிடும்.