கமிட்டி தயங்குது, வாலிபர்கள் துடிக்கிறாங்க: புது ஊழியத்தை எப்படித் தொடங்குறது?

ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "எங்க வாலிபர்கள் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலப் படிப்பகம் நடத்தணும்னு கேக்குறாங்க. சபைக் கமிட்டியோ, 'முன்னாடி ஆரம்பிச்சது நின்னு போச்சே'ன்னு தட்டிக் கழிக்குது. என்ன செய்யலாம்?"

கமிட்டி பயப்படுறதுல நியாயம் இருக்கும்மா. நாம எதை ஆரம்பிச்சாலும் ஆயுசுக்கும் நடக்கப்போற மாதிரி ஆலயத்துல அறிவிச்சுடுறோம். அப்புறம் நிறுத்தினா தலைகுனிவு. அதனால நிரந்தர அனுமதி கேக்காதீங்க, 12 வாரம் மட்டும் கேளுங்க. ஜூன் மூணாவது வாரம் தொடங்கினா காலாண்டுத் தேர்வுக்கு முன்னாடி முடிஞ்சுடும். ஜனவரியில ஆரம்பிச்சீங்கன்னா முழுப் பரீட்சை வந்து பாதியில கலைஞ்சுடும்.

ஒரே பக்கத்துல எழுதிக் குடுங்க: எந்தத் தெரு, எந்த ரெண்டு நாள், செலவு இதுக்கு மேல போகாதுன்னு ஒரு தொகை, பொறுப்பாளர் யாரு, அவர் வராத நாள் யாரு, தொடரலாமா நிறுத்தலாமான்னு பேசுற தேதி. அந்தத் தேதிதான் முக்கியம். நிறுத்துறது முதல்லயே பேசி வச்ச விஷயம்னா அது தோல்வி ஆகாது. பவுலே பித்தினியாவுக்குப் போகப் பார்த்து வழி அடைபட்டுத்தான் மக்கெதோனியாவுக்குப் போனாரு, அப்போஸ்தலர் 16-ல இருக்கு.

எதை வச்சு முடிவு பண்றது? ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு எண்ணாதீங்க. நாலாவது வாரம் இருந்த பிள்ளைகள்ல எத்தனை பேர் பத்தாவது வாரமும் வர்றாங்கன்னு பாருங்க.

இதுல துணிச்சல் காட்டவே கூடாத இடமும் உண்டு. பிள்ளைகளோட எப்பவும் பெரியவங்க ரெண்டு பேர் இருக்கணும். பெத்தவங்க கையெழுத்து வேணும். நடத்துறது சபைதான், பாட்டு, பைபிள் கதை உண்டா இல்லையான்னு அவங்ககிட்ட நேராச் சொல்லிடுங்க. மறைச்சுச் செஞ்சா பின்னாடி எல்லாருக்கும் சங்கடம். கேக்காம போட்டோ எடுத்துப் போடாதீங்க.

பெரும்பாலும் இது எங்க உடையும்னா, ஆள்ல. ஓய்வுநாள் பள்ளி டீச்சர், பாடகர் குழு, வாலிபர் சங்கச் செயலாளர் எல்லாம் அதே மூணு பேராத்தான் இருப்பாங்க. புதுசை எடுக்குறவங்க அந்த 12 வாரமும் பழைய பொறுப்பு ஒண்ணை இறக்கி வைக்கணும், ஆயரே அதைச் சபையில சொல்லணும். பணமும் அப்படித்தான். சபையார் ஒண்ணாச் சாப்பிடுற அசனப் பண்டிகைக்கான பணத்துல கை வச்சீங்கன்னா சண்டைதான். வருஷ பட்ஜெட்லயே 'புது முயற்சி'ன்னு சின்னதா ஒரு தலைப்பு போட்டு வைங்க.

'இது நம்ம வழக்கம் இல்லையே'ன்னு மூப்பர் யாராவது சொன்னா, 1903-ஐ ஞாபகப்படுத்துங்க. திருநெல்வேலிச் சபையார் அந்த வருஷம் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, சொந்தக் காசுல, சொந்த ஆட்களைத் தெலுங்கு பேசுற தோர்ணக்கல் பக்கம் அனுப்பினாங்க. முன்னின்ற அசரியாவுக்கு அப்ப முப்பது வயசுகூட ஆகலை!

நல்லா நடந்துச்சுன்னா உடனே நாலு தெருவுக்குப் பரப்பிடாதீங்க. அதே தெருவுல இன்னொரு 12 வாரம் நடத்துங்க, இந்தத் தடவை வேற ஒருத்தர் பொறுப்புல.