தவறான விடையைத் தொட்டுப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

என் பேரனுக்கு இரண்டரை வயது. சென்ற மாதம் ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து மரப்பலகைப் புதிர் ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருந்தான். பலகையில் யானை, குதிரை, மீன் என்று நான்கைந்து குழிகள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு மரத்துண்டு. மீனை எடுத்து அதன் குழிமேல் வைத்தான். வால் இருக்க வேண்டிய இடத்தில் தலை இருந்ததால் துண்டு உட்காரவில்லை. திருப்பி வைப்பான் என்று காத்திருந்தேன். ஆள்காட்டி விரலால் மீனை ஒரு தட்டுத் தட்டினான். மறுபடியும் தட்டினான். பிறகு, பொருள் பழுதாகிவிட்டது என்று புகார் சொல்பவனைப் போல என் முகத்தைப் பார்த்தான்.

குற்றவாளி நான்தான். அதற்கு முந்தைய வாரம் முழுக்க இதே மாதிரிப் புதிர் உள்ள ஒரு செயலியை அவனுக்குக் காட்டியிருந்தேன். அதில் துண்டை விரலால் இழுத்துக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் போதும். அது தானே திரும்பி, தானே போய் உட்கார்ந்துகொள்ளும். மணி ஒலிக்கும், பலூன்கள் பறக்கும். பையன் புதிர் சேர்க்கக் கற்றுக்கொண்டான் என்று வீட்டில் எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். அவன் கற்றது இழுத்துவிடுவதை மட்டுமே. இத்தனைக்கும் இருபது ஆண்டுகளுக்கு மேல் மழலையர் வகுப்பில் பாடம் நடத்தியவள் நான்.

பேரனை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2015ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், இரண்டரை வயது, மூன்று வயதுக் குழந்தைகளுக்கு மூன்றே துண்டுகள் கொண்ட ஒரு புதிரைச் சேர்த்துக் காட்டினார்கள். தொடுதிரையில் பார்த்துத் தொடுதிரையிலேயே செய்தவர்களும், காந்தப் பலகையில் பார்த்துப் பலகையிலேயே செய்தவர்களும் நன்றாகவே செய்தார்கள். ஓரிடத்தில் பார்த்ததை மற்றோர் இடத்தில் செய்ய வேண்டியிருந்தவர்கள் தடுமாறினார்கள். பெரியவர்களான நமக்குத் திரையில் இருக்கும் மீனும் கையில் இருக்கும் மீனும் ஒன்றுதான். அந்த வயதுக்கு அவை இரண்டு வெவ்வேறு உலகத்துப் பிராணிகள்.

ஆகையால், செயலிகளின் பெயர்களை வரிசையாகப் படித்து, இதை நிறுவுங்கள், அதை நிறுவுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. இன்று நன்றாக இருப்பது அடுத்த புதுப்பிப்பில் விளம்பரக் கிடங்காக மாறிவிடலாம். ஒரு செயலியைக் குழந்தையின் கையில் கொடுப்பதற்கு முன் நாம் எப்படிச் சோதித்துப் பார்க்கலாம் என்பதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

அதற்கும் முன்னால் வயதைப் பற்றி ஒரு வார்த்தை. உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு வயது நிறையும்வரை குழந்தையைத் திரைமுன் உட்கார வைப்பதைப் பரிந்துரைக்கவில்லை. இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2016ஆம் ஆண்டு, பதினெட்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காணொளி அழைப்பை மட்டும் விதிவிலக்காக வைத்தது. எனவே பத்து மாதக் குழந்தைக்கு எந்தச் செயலி நல்லது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு என் பதில் மிகவும் சுருக்கமானது: கிலுகிலுப்பை.

இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைக்குத் தேடப் போனால், 'கல்வி' என்ற பிரிவில் செயலிகள் கொட்டிக் கிடக்கின்றன. அந்தச் சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். பெரும்பாலும் அது செயலியை உருவாக்கியவரே தம் சரக்கின்மேல் ஒட்டிக்கொள்ளும் சீட்டு. எத்தனை லட்சம் பேர் பதிவிறக்கினார்கள், எத்தனை நட்சத்திரம் கொடுத்தார்கள் என்பதும் கற்றலுக்குச் சான்றாகாது. குழந்தை அரை மணி நேரம் சத்தமில்லாமல் இருந்தது என்ற மகிழ்ச்சியில் ஐந்து நட்சத்திரம் போட்ட பெற்றோர் எத்தனையோ பேர். அவர்களைக் குறை சொல்லவில்லை, நானும் போட்டிருக்கிறேன்.

கேத்தி ஹிர்ஷ்-பாசெக், ராபர்ட்டா கோலின்காஃப் முதலிய குழந்தை உளவியலாளர்கள் 2015ஆம் ஆண்டு இதற்கு ஓர் அளவுகோலைத் தந்தார்கள். குழந்தையின் விரல் மட்டுமல்லாமல் மனமும் வேலை செய்கிறதா, கவனம் சிதறாமல் ஒரே இடத்தில் நிற்கிறதா, கற்பது அதன் அன்றாட வாழ்வோடு ஒட்டுகிறதா, இன்னொரு மனிதரோடு பழக இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். அதே அளவுகோலை வைத்து, அதிகம் பதிவிறக்கப்படும் குழந்தைகள் செயலிகளை எடைபோட்ட ஆய்வு ஒன்று 2021ஆம் ஆண்டு வந்தது. பாதிக்கும் மேற்பட்டவை குறைந்த மதிப்பெண்தான் பெற்றன.

சரி, வீட்டில் நாம் என்ன செய்வது? குழந்தை தூங்கிய பிறகு ஒரு கால்மணி நேரம் அந்தச் செயலியை நீங்களே விளையாடுங்கள். விளையாடும்போது வேண்டுமென்றே தவறான விடையைத் தொடுங்கள். சரியான விடைக்கு எல்லாச் செயலியும் கைதட்டும். அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. அதன் குணம் தவறில்தான் வெளிப்படும்.

"மாடு எங்கே?" என்று செயலி கேட்கிறது. நீங்கள் கோழியைத் தொடுகிறீர்கள். நான் பார்த்த ஒரு செயலியில் கோழி தலைகீழாகப் புரண்டு, கண்ணை உருட்டி, விநோதமாக ஒரு சத்தம் போட்டது. மாட்டைத் தொட்டால் ஒரு நட்சத்திரம் மட்டும் வந்தது. எந்தக் குழந்தை மாட்டைத் தொடும்? என் பேரன் பதினோரு தடவை கோழியைத் தொட்டான், எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அவனைப் பொறுத்தவரை அது கோழியைப் புரட்டும் விளையாட்டு. கேள்வியே அவன் காதில் விழவில்லை. இன்னொரு செயலியில் தவறாகத் தொட்டதும் 'டர்ர்' என்று கரகரத்த ஒலி எழுந்தது. திரையில் சிவப்புப் பெருக்கல் குறி. அவன் கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டான். அப்புறம் தொடவே இல்லை, என் விரலைப் பிடித்துத் தொட வைத்தான். மூன்றாவது வகை நான் முதலில் சொன்ன புதிர். அதில் தவறு செய்யவே முடியாது, எங்கே தொட்டாலும் வெற்றிதான்.

நல்ல செயலி என்ன செய்யும்? கோழியைத் தொட்டால் கோழி கொக்கரிக்கும். "இது கோழி. மாடு எங்கே?" என்று அதே அமைதியான குரல் மறுபடி கேட்கும். இரண்டாம் முறையும் தவறினால் மாடு லேசாக வாலை ஆட்டும், அல்லது மற்ற விலங்குகளில் ஒன்று விலகிக்கொள்ளும். தண்டனை இல்லை, வேடிக்கையும் இல்லை, ஆனால் ஒரு துப்பு கிடைக்கிறது. நாம் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இதைத்தானே செய்கிறோம்?

எழுத்துகளை விரலால் வரையும் செயலிகளையும் இதே கண்ணோடு பாருங்கள். 'அ' என்ற எழுத்தின் சுழியை முடிவிலிருந்து தொடக்கத்துக்குத் தலைகீழாக இழுத்தேன். பச்சை நிறம் நிரம்பியது, பட்டாசு வெடித்தது. உள்ளங்கையால் திரை முழுவதையும் தேய்த்தேன். அதற்கும் பட்டாசு! ஒலியைக் கேட்கும்போது 'ழ' வரும் சொல்லைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். சில செயலிகளில் இயந்திரக் குரல் 'மழை'யை 'மலை' ஆக்கிவிடுகிறது. காது அப்போதுதான் ஒலிகளைப் பிரித்துக்கொண்டிருக்கும் வயது. அங்கே இந்தப் பிழை சின்னது இல்லை. என்னைக் கேட்டால், மூன்று வயதுக்கு முன் எழுத்துச் செயலியே தேவையில்லை என்பேன். எழுத்தைவிட ஒலியும் பெயரும் கதையும்தான் அந்த வயதுக்கு வேண்டும்.

அடுத்து, கையை எடுத்துவிட்டு அரை நிமிடம் சும்மா இருந்து பாருங்கள். ஐந்தாவது நொடியிலேயே "தொடு, தொடு, இங்கே தொடு!" என்று கத்தத் தொடங்கும் செயலியை நான் அந்த இடத்திலேயே நீக்கிவிடுவேன். இரண்டு வயதுக் குழந்தை யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளும். படத்தைப் பார்க்கும், உங்களைப் பார்க்கும், வாய்க்குள் ஏதோ முனகும். அந்த மௌனத்தில்தான் வேலை நடக்கிறது. நாம் ஒரு கேள்வி கேட்கவும் அந்த இடைவெளிதான் வேண்டும். இடைவிடாமல் பேசும் செயலியோடு உட்கார்ந்தால் பேச முறையே வராது.

இப்போது வெளியேறப் பாருங்கள். முடிகிறதா? அல்லது அடுத்த விளையாட்டு தானே தொடங்குகிறதா? ஒரு பரிசுப்பெட்டி குலுங்கி, இன்னும் ஒரே ஒரு முறை என்று கெஞ்சுகிறதா? மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019ஆம் ஆண்டு, ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளுக்கான 135 செயலிகளை அலசிப் பார்த்தார்கள். அவற்றில் 95 விழுக்காட்டில் ஏதாவது ஒரு வகை விளம்பரம் இருந்தது. குழந்தை பொருளை வாங்காமல் நகர்ந்தால், அதற்குப் பிடித்த பொம்மைப் பாத்திரம் முகம் வாடி அழுகிற செயலியும் அதில் உண்டு. அழும் முகத்தைக் கண்டால் கண்ணைத் துடைத்துவிட ஓடும் வயதுக்குழந்தையிடம் இப்படி வியாபாரம் செய்கிறார்கள்.

குழந்தைகள் பெற்றோருக்குத் தெரியாமல் செயலிக்குள் பொருள்களை வாங்கிவிட்ட விவகாரத்தில், 2014ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குக் குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அப்படியானால் சின்ன விரல்கள் எவ்வளவு தொட்டிருக்கும்! ஆகையால் கடவுச்சொல் இல்லாமல் எதுவும் வாங்க முடியாதபடி முதலிலேயே பூட்டி வையுங்கள். இலவசம் என்றாலே விளம்பரம் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். கான் அகாடமி கிட்ஸ் போல, லாப நோக்கமற்ற அமைப்பு நடத்தும், விளம்பரமோ சந்தாவோ இல்லாத செயலிகளும் உள்ளன.

அனுமதிகளில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. வண்ணம் தீட்டும் செயலி உங்கள் இருப்பிடத்தையோ தொடர்பு எண்களையோ கேட்டால் மறுத்துவிடுங்கள். மறுத்தால் திறக்க மாட்டேன் என்று அது அடம்பிடித்தால் நீக்கிவிடுங்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டும் ஒருமுறை திறந்து பாருங்கள். அப்போதும் ஓடினால் பயணத்துக்கு உதவும். புதிய விளம்பரங்களின் தொல்லையும் பெரும்பாலும் இருக்காது. கைப்பேசியில் ஒரே செயலிக்குள் குழந்தையை நிறுத்திவைக்கவும் வழி இருக்கிறது: ஐபோனில் அதற்குக் கைடட் ஆக்சஸ் என்று பெயர், ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அமைப்புகளில் செயலியை 'பின்' செய்யும், அதாவது திரையிலேயே பொருத்தி வைக்கும் வசதி உண்டு. இதை நான் தெரிந்துகொள்வதற்குள் என் பேரன் இரண்டு முறை என் பல் மருத்துவருக்கு அழைப்பு விடுத்துவிட்டான்.

இவ்வளவும் தேறிய ஒரு செயலி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால் அதுவும் பாதிதான். 2010ஆம் ஆண்டு ஜூடி டெலோச் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும், 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு, சொற்களைக் கற்றுத்தருவதாக விற்பனையான ஒரு காணொளியை நான்கு வாரம் போட்டுக் காட்டச் செய்தார்கள். பார்த்த குழந்தைகள், பார்க்காத குழந்தைகளைவிட அதிகமான சொற்களைக் கற்கவில்லை. காணொளியே இல்லாமல், அதே சொற்களைப் பெற்றோர் அன்றாடப் பேச்சில் சொல்லிக்கொடுத்த குழந்தைகள்தான் அதிகம் கற்றார்கள். 2014ஆம் ஆண்டு வெளியான வேறோர் ஆய்வு இரண்டு வயதுக் குழந்தைகளிடம் நடந்தது. நேரடிக் காணொளி அழைப்பில் ஒருவர் பேசியபோது புதிய வினைச்சொற்களைக் கற்ற வயதினர், பதிவுசெய்யப்பட்ட அதே மாதிரிப் பேச்சில் கற்கவில்லை. திரை இரண்டிலும் இருந்தது. ஒன்றில் மட்டும்தான் எதிர்முனையில் இருந்தவர் குழந்தை பார்ப்பதற்கும் பேசுவதற்கும் ஏற்பப் பதில் சொன்னார்.

பக்கத்தில் உட்கார்ந்து பாடம் நடத்த வேண்டியதில்லை. "நாய் எங்கே ஓடுகிறது?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். செயலியில் வட்டம் வந்தால், விளையாட்டு முடிந்தபின் வீட்டுக்குள் நான்கு வட்டங்களைத் தேடுங்கள்: மூடி, சக்கரம், கடிகாரம், அப்பாவின் மூக்குக்கண்ணாடி. அந்த மர மீனைக்கூட இப்படித்தான் சரிசெய்தேன். அவன் கையின்மேல் என் கையை வைத்து, திருப்பு, திருப்பு என்று சொல்லிக்கொண்டே இருவருமாகத் திருப்பினோம். மீன் 'டொக்' என்று குழியில் இறங்கியபோது பலூன் எதுவும் பறக்கவில்லை. துண்டை வெளியே எடுத்து, அந்த 'டொக்'கைக் கேட்பதற்காகவே பல தடவை வைத்து வைத்து எடுத்தான்.

இப்போது அவனுக்கு ஒரே ஒரு செயலிதான் வைத்திருக்கிறேன். ஒரு தொழுவம், உள்ளே ஏழெட்டு விலங்குகள். ஒவ்வொன்றாகத் தொட்டால் கொட்டாவி விட்டுப் படுத்துக்கொள்ளும். அதன் தலைக்கு மேல் இருக்கும் விளக்கை அவன் அணைக்க வேண்டும். எல்லா விளக்கும் அணைந்தால் திரை இருண்டுவிடும், அவ்வளவுதான். பரிசுப்பெட்டி கிடையாது, அடுத்த கட்டம் கிடையாது. முதல்நாள் அது முடிந்ததும் அழப்போகிறான் என்று தயாராக இருந்தேன். அவன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் என் கைக்குட்டையைப் போர்த்திவிட்டு எழுந்து போனான். சற்று நேரத்தில் அழைப்பு வந்தது. எடுக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு, உதட்டில் விரல் வைத்து, அது தூங்குகிறது என்று சைகை காட்டினான். அழைத்தது இந்த வானொலி நிலையத்திலிருந்துதான் என்று பிறகு தெரிந்தது.

வணக்கம்.