சீட்டு வேண்டாம்

வணக்கம், நேயர்களே. நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பிறந்தது மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம்; இப்போது இருப்பது சுங்கை சிப்புட் டவுனில். மனநலம் படித்தவள் இல்லை. மனநல ஆலோசகரிடம் போய் வந்தவள் என்பதால்தான் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

எங்கள் தோட்டத்தில் காய்ச்சல் வந்தால் அப்பா முதலில் டிரசர் ஐயா, அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளர் முன்னால் போய் நிற்க வேண்டும். அவர் தொட்டுப் பார்த்துச் சீட்டு எழுதினால்தான் அன்றைக்கு லீவு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதற்கும் அவர் சீட்டுதான். சீட்டு இல்லாமல் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் படுத்திருந்தால், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து கதவைத் தட்டுவார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்தை இடித்தார்கள், நாங்களும் டவுனுக்கு வந்துவிட்டோம். இந்தச் சீட்டுப் புத்தி மட்டும் கூடவே வந்துவிட்டது.

அம்மா இறந்த பிறகு நாலு மாதம் எனக்குச் சரியான தூக்கமில்லை. விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடும். அடுப்படியில் போய் உட்கார்ந்திருப்பேன். டாக்டரிடம் காட்ட என்ன இருக்கிறது? பிரஷர் சரி, சுகர் சரி. அப்புறம் தஞ்சோங் ரம்புத்தான் பயம் வேறு. பேராக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1911-இல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனைக்கு இன்று பஹாகியா என்று பெயர், மகிழ்ச்சி என்று அர்த்தம். ஆனாலும் பிள்ளைகள் குறும்பு செய்தால் "ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்" என்றுதான் மிரட்டுவோம். நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

என் மகள்தான் சொன்னாள், "கவுன்சலரைப் பார்க்க டாக்டர் கடிதம் தேவையில்லைம்மா, போன் பண்ணி நாள் வாங்கினால் போதும்" என்று. நான் நம்பவில்லை. விசாரித்தால் உண்மைதான். அரசாங்க மருத்துவமனையில் மனநல நிபுணரைப் பார்க்கத்தான் பொதுவாகக் கடிதம் கேட்பார்கள். அதையும் அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி, அதாவது 1 ரிங்கிட் கட்டி டாக்டரைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளலாம். ஆலோசகர் மருந்து எழுதுபவர் இல்லை. பேசுவார், பேசுவதைவிட அதிகமாகக் கேட்பார். யோசித்துப் பாருங்கள், குறி கேட்கப் போகிறோமே, அங்கே யாராவது நம்மிடம் சீட்டு கேட்டதுண்டா?

நான் முதலில் பார்த்தவர் நாற்பது நிமிடம் எனக்குப் புத்திமதி சொன்னார். கோயிலுக்குப் போங்கள், பேரப்பிள்ளையோடு விளையாடுங்கள் என்றார். இரண்டும் நான் செய்துகொண்டுதான் இருந்தேன். இரண்டாம் தடவை அவரிடம் போகவில்லை. மாற்றிக்கொள்ளலாம், தப்பே இல்லை. நம் நாட்டில் 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம் இருக்கிறது. அதன்படி ஆலோசகர் வாரியத்தில் பதிந்தவர்தான் இந்தத் தொழில் செய்யலாம். பெயருக்குப் பின்னால் கே.பி., பி.ஏ. என்று இருக்கும். கே.பி. என்றால் பதிவு பெற்ற ஆலோசகர். இந்த பி.ஏ. காலேஜ் பட்டம் இல்லை. மலாயில் 'பெராக்குவான் அமாலான்', அதாவது தொழில் செய்ய அனுமதி. அதைக் கேட்டுப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம்.

ஈப்போவில் இரண்டாவதாகப் பார்த்தவர் சின்னப் பெண், என் மாணவி வயது இருக்கும். மூன்றாவது சந்திப்பில் ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா இருந்தப்போ 3 மணிக்கு என்ன செய்வீங்க, டீச்சர்?" கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை. அம்மா படுத்த படுக்கையாய் இருந்த கடைசி இரண்டு வருடமும் 3 மணிக்கு எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைப்பேன். புண் வந்துவிடக் கூடாதே என்று அலாரம் வைத்து எழுவேன். அம்மா போய்விட்டார், உடம்பு இன்னும் அந்த வேலைக்கு எழுந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அங்கே அழுதேன். அம்மாவின் காரியத்தில்கூட அப்படி அழவில்லை. தூக்கம் உடனே வந்துவிடவில்லை, இரண்டு மாதம் பிடித்தது. ஆனால் எதற்கு விழிக்கிறேன் என்று தெரிந்த பிறகு அந்த 3 மணியிடம் பயமில்லை.

ஊருக்குத் தெரிந்துவிடுமே என்கிறீர்களா? ஈப்போ பஸ்ஸில் ஒவ்வொரு தடவையும் தெரிந்தவர்கள் "எங்கே டீச்சர்?" என்பார்கள். "பல் டாக்டரிடம்" என்பேன். கடைசியில் ஒரு அக்கா, "இன்னும் பல் மிச்சம் இருக்கா?" என்று கேட்டுவிட்டார். ஆனால் உள்ளே பேசியது வெளியே வராது. ரகசியம் காக்க ஆலோசகர் கடமைப்பட்டவர். உயிருக்கு ஆபத்து போன்ற சில சமயங்களில் மட்டும் மற்றவர்களிடம் சொல்வார். இதை முதல் நாளே சொல்லிவிடுவார்கள். தற்கொலைக்கு முயன்றால் போலீஸ், கோர்ட் என்று பயந்து வாயைத் திறக்காதவர்களும் இருந்தார்கள். அந்தச் சட்டப்பிரிவை 2023-இல் நீக்கிவிட்டார்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். தனியாரிடம் ஒரு சந்திப்பு நூறு வெள்ளியைத் தாண்டலாம். என் பென்ஷனுக்கு அது பாரம்தான். தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்திலும் ஆலோசனைச் சேவை இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள். நாள் வாங்கும்போதே "தமிழ் பேசுகிறவர் வேண்டும்" என்று கேளுங்கள்.

பென்சில் எடுத்துக்கொண்டீர்களா? மனக்கஷ்டத்தைச் சொல்ல சுகாதார அமைச்சின் உதவித் தொலைபேசி ஹீல் லைன், 15555. மறுபடியும் சொல்கிறேன், ஒன்று, அப்புறம் ஐந்தை நாலு தடவை. காலை 8 மணியிலிருந்து நள்ளிரவு வரை. அதற்கு மேல் ஆகிவிட்டால் பிஃப்ரெண்டர்ஸ், 03-7627 2929. அவர்கள் தொண்டர்கள், 24 மணி நேரமும் இருப்பார்கள். விடியற்காலை 3 மணிக்கும் எடுப்பார்கள். வணக்கம்.